குரலை ஏற்றச் சொல்வதற்கும் விழுங்குவதற்கும் என்ன சம்பந்தம்?

பயிற்சி_மாணவி:
பக்கவாதம் வந்தவர்களைப் படுக்கையருகே சோதிக்கும்போது "ஈ"ன்னு சொல்லி குரலைக் கீழிருந்து மேலே ஏற்றச் சொல்றாங்க. விழுங்குறதுக்கும் சுருதிக்கும் என்ன தொடர்பு? வீடியோ ஃப்ளூரோஸ்கோப்பி (விழுங்குறதை எக்ஸ்ரேல படமெடுக்கறது), ஃபீஸ் (மூக்கு வழியா கேமராக் குழாய் விட்டு விழுங்குறதைப் பாக்கறது) ரெண்டும் கிடைக்காத இடத்துல குரலை மட்டும் வெச்சு எவ்வளவு தூரம் முடிவெடுக்கலாம்? அதே பயிற்சியைச் சிகிச்சையாவும் கொடுக்குறாங்க. அதுல எது உண்மையா வேலை செய்யுது, எது வெறும் சடங்கு?

குரல்நாண்:
இரண்டுக்கும் உறுப்பு ஒன்றுதான். குரல்வளையின் முதல் வேலை பேச்சு இல்லை, மூச்சுக்குழலைக் காப்பது. விழுங்கும் அந்த ஒரு நொடிக்குள் நாவடி எலும்பு மேலும் முன்னும் நகர்கிறது, குரல்வளை அதோடு ஏறுகிறது, குரல்நாண்கள் மூடுகின்றன, குரல்வளை மூடி கவிழ்கிறது, மூச்சு நிற்கிறது. உணவுக்குழலின் மேல்வாய் சுமார் அரை விநாடி திறந்து மூடுகிறது. இவற்றில் குரல்வளை ஏறுவதையும் குரல்நாண் மூடுவதையும் உணவே இல்லாமல், குரலை வைத்துச் செய்து பார்க்க முடியும்.

சுருதி ஏற்றும்போது கிரிகோதைராய்டு தசை குரல்நாணை இழுத்து நீட்டுகிறது. கூடவே தாடைக்குக் கீழே உள்ள தசைகள் குரல்வளையை மேலே தூக்குகின்றன. கண்ணாடி முன் நின்று கீழ் ஸ்தாயியில் "ஈ" தொடங்கி மேல் ஸ்தாயி வரை இழுத்துப் பாருங்கள், கழுத்து மேடு ஏறுவது தெரியும்.

நரம்பும் பொதுதான். இரண்டுக்கும் வேகஸ், மூளையிலிருந்து தொண்டைக்கு இறங்கி வரும் நரம்பு. அதன் மேல் குரல்வளை நரம்பில் உட்கிளை குரல்நாணுக்கு மேலே உள்ள பகுதியின் உணர்வைப் பார்த்துக்கொள்கிறது, வெளிக்கிளை கிரிகோதைராய்டை இயக்குகிறது. அடிபட்டது பொது அடிமரம் என்றால் சுருதியும் ஏறாது, தண்ணீர் தவறான வழியில் போனாலும் தெரியாது. இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் இருமலே வராது.

2011-ல் மாலண்ட்ராக்கி குழு வெளியிட்ட ஆய்வில், சுருதியை ஏற்ற முடியாதவர்களுக்குப் புரையேறும் அளவும் கூடுதலாக இருந்தது. முதற்கட்டக் கண்டுபிடிப்பு என்று அவர்களே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். அதை மறந்துவிட்டுத்தான் பலர் இதைத் தனிச் சோதனையாகவே நடத்துகிறார்கள்.

தொண்டைக்குழி:
இ.என்.டி. பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. சுருதி ஏறவில்லை என்பதற்கு விழுங்கலோடு சம்பந்தமில்லாத காரணங்கள் ஏராளம். தைராய்டு அறுவையில் வெளிக்கிளை மட்டும் அடிபட்டிருந்தால் சுருதி போய்விடும், விழுங்கல் பெரும்பாலும் கெடாது. நாள்பட்ட புகைப் பழக்கத்தில் குரல்நாண் வீங்கித் தடித்துவிடும், குரல் கீழேயே கிடக்கும். காது கேளாதவர் நாம் காட்டும் சுருதியைப் பிடிக்க மாட்டார். பக்கவாதத்தில் மொழி புரிந்துகொள்வது போயிருந்தால், அவர் செய்யாதது தசை பலவீனத்தால் அல்ல, நாம் சொன்னது புரியாததால்.

மறுபுறமும் பாருங்கள். குரல் கணீரென்று இருந்தும் சத்தமில்லாமல் புரையேறுகிறவர்கள் உண்டு. குரல் நன்றாக இருப்பது குரல்நாண் மூடுகிறது என்பதற்குச் சாட்சி. நாவடித் தசை உணவைத் தள்ளுகிறதா, தொண்டையில் மிச்சம் தேங்குகிறதா என்பதற்குச் சாட்சி இல்லை.

வார்டு_நர்ஸ்:
தண்ணி கொடுத்துட்டு "ஆ" சொல்லச் சொல்றோமே, அதை எப்படிச் சரியா செய்யணும்னு யாராவது எழுதுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி செய்யறாங்க. ஒருத்தர் உடனே கேக்கறார், இன்னொருத்தர் முதுகுல தட்டிட்டுக் கேக்கறார். சிலர் "எப்படிம்மா இருக்கு"ன்னு கேட்டு, தலையாட்டினா பாஸ் போட்டுடறாங்க.

குரல்நாண்:
தலையாட்டலில் குரல் இல்லையே! சரி, வரிசையாக எழுதுகிறேன்.

நேராக உட்கார வைக்கவும், இடுப்பு 90 டிகிரிக்குப் பக்கம். வாயைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகே தண்ணீர். அழுக்கு வாயிலிருந்து புரையேறும் தண்ணீர் கிருமியையும் நுரையீரலுக்கு எடுத்துப் போகும். தண்ணீருக்கு முன்பு 5 விநாடி "ஆ" சொல்லச் சொல்லி மொபைலில் பதிவு செய்யவும். இது இல்லாமல் பிறகு வரும் குரலை எதோடு ஒப்பிடுவது? ஏற்கெனவே கரகரப்பாக இருந்த குரலைத் தண்ணீர் குடித்ததால் வந்தது என்று எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு ஸ்பூனில் 5 மி.லி. நான்கு விரலையும் கழுத்தில் மெதுவாக வைக்கவும்: ஆட்காட்டி தாடைக்கு அடியில், நடுவிரல் நாவடி எலும்பில், மோதிரவிரல் தைராய்டுக் குருத்தெலும்பின் மேல் விளிம்பில், சுண்டுவிரல் அதற்குக் கீழே. அழுத்தக் கூடாது. விழுங்கியதும் மறுபடி "ஆ". நடுவில் கனைக்க விடாதீர்கள், கனைத்தால் சான்று அழிந்துவிடும்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். விழுங்கி முடித்த பிறகு தொண்டைக் குழிகளில் தேங்கியது மெதுவாக வழிந்து உள்ளே இறங்கலாம். அதனால் தலையை இடமும் வலமும் திருப்பச் சொல்லி, நாய் இளைப்பது போல் சில விநாடி வேகமாக மூச்சு வாங்கச் சொல்லி, அப்புறம் இன்னொரு "ஆ". ஒரு நிமிடம் கழித்துக் கடைசியாக ஒன்று.

கவனிக்க வேண்டியது, கொதிக்கும் பானையில் குமிழி உடைவது போன்ற களகள சத்தம். மூச்சுக் காற்று கசியும் குரலும் கரகரப்பும் வேறு, இது வேறு. குரல்நாணுக்கு மேலே திரவம் நின்றால்தான் இந்தக் களகளப்பு வரும். நேரே கீழே இறங்கிப் போயிருந்தால் குரல் சுத்தமாகவே கேட்கும். ஆகவே களகளத்தால் சந்தேகப்படுங்கள், களகளக்காததால் நிம்மதியடையாதீர்கள்.

விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எண் இறங்கவில்லை, அதனால் புரையேறவில்லை என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது.

தொண்டைக்குழி:
ஒரு வாய் தண்ணீருக்குக் குரல் பார்ப்பதைவிட 90 மி.லி. தண்ணீர்ச் சோதனை வலுவானது. யேல் நெறிமுறை என்று அதற்குப் பெயர். கப்பிலோ ஸ்ட்ராவிலோ 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்க வேண்டும். நடுவில் நின்றாலோ இருமினாலோ தோல்வி. 2008-ல் சூட்டர், லெடர் இருவரும் 3,000 பேரை வைத்து ஃபீஸோடு ஒப்பிட்டார்கள். புரையேறுகிறவர்களில் 96.5 சதவீதம் பேரைப் பிடித்தது. ஆனால் புரையேறாதவர்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தோற்றார்கள். அதாவது தேறினால் நம்பலாம், தோற்றால் அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும். தோற்றதை வைத்து நேராக ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாய்) போட்டுவிடுவது இந்தச் சோதனையின் அர்த்தமே தெரியாத செயல்.

மயக்கத்தில் இருப்பவர், தலையை 30 டிகிரிக்குமேல் உயர்த்த முடியாதவர், ட்ரக்கியாஸ்டமி (மூச்சு விடக் கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தது) உள்ளவர், ஏற்கெனவே மாற்றிய உணவில் இருப்பவர், இவர்களுக்கு இது வேண்டாம்.

இன்னொன்று. ஃபீஸ் இல்லை என்று சொல்லும் பல ஊர்களில் இ.என்.டி. மருத்துவரிடம் வளையும் எண்டோஸ்கோப் இருக்கும். இல்லாதது பச்சை நிறம் கலந்த நாலு ஸ்பூன் தயிரும், ஒதுக்க வேண்டிய இருபது நிமிடமும்தான். கேட்டுப் பாருங்கள். அந்தக் குழாய் உள்ளே இருக்கும்போதே உயர்ந்த சுருதியில் அழுத்தமாக "ஈ" சொல்லச் சொன்னால் தொண்டையின் இரு பக்கச் சுவரும் நடுவை நோக்கி நெருங்குவது தெரியும். பாஸ்டியன் 1993-ல் விவரித்த சோதனை அது. ஒரு பக்கம் மட்டும் அசையாமல் கிடந்தால் எந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

பயிற்சி_மாணவி:
நன்றி சார். சுருதி ஏற்றச் சொன்னா எல்லாரும் சத்தத்தைத்தான் ஏத்தறாங்க. எப்படிச் சொல்லிக் கொடுக்கறது? எவ்வளவு ஏறினா போதும்?

குரல்நாண்:
எல்லோருக்கும் வரும் தொல்லை இது. தமிழில் "குரலை உயர்த்து" என்றாலே கத்து என்றுதான் அர்த்தம், நோயாளி மேல் தப்பில்லை. அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள். ஆம்புலன்ஸ் சத்தம் போலச் செய்து காட்டுங்கள், அல்லது கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு வழுக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பாட்டு கற்றுக்கொள்ளாத கிராமத்துப் பெரியவரும் ஆம்புலன்ஸைச் சரியாகப் பிடிப்பார்.

பார்க்க வேண்டிய திருட்டுகள்: முகவாயைத் தூக்குவது, புருவத்தை ஏற்றுவது, தோளை உயர்த்துவது. முகவாய் தூக்கினால் கழுத்து நீண்டு, குரல்வளை ஏறியது போலத் தோன்றும். தலையை நேராக வைத்து, பின்மண்டையை நாற்காலி முதுகில் ஒட்ட வைத்தால் இது அடங்கும்.

அளக்க இலவச ட்யூனர் செயலி போதும். ஹெர்ட்ஸில் எழுதி ஆணையும் பெண்ணையும் ஒப்பிடாதீர்கள். 110-ல் தொடங்கி 220 வரை போன ஆணும், 200-ல் தொடங்கி 400 வரை போன பெண்ணும் ஒரே அளவுதான் ஏறியிருக்கிறார்கள். அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி, அதாவது 12 ஸ்வரஸ்தானம். எத்தனை ஸ்தானம் ஏறினார் என்று எழுதுங்கள். இதற்கு மேல் பாதுகாப்பு, இதற்குக் கீழ் ஆபத்து என்று கோடு போட எந்த எண்ணும் நிலைபெறவில்லை. போன வாரத்தின் அவரையே இந்த வாரத்தின் அவரோடு ஒப்பிடுவதுதான் இதன் பயன்.

"ஆ"வை எவ்வளவு நேரம் இழுக்கிறார் என்பதையும் எழுதுங்கள். மூன்று முறை சொல்லச் சொல்லி, நீண்டதை எடுக்க வேண்டும். பெரியவர்களில் 10 விநாடிக்குக் கீழே வந்தால் குரல்நாண் சரியாக மூடவில்லை அல்லது மூச்சு போதவில்லை. எது என்று பிரிக்கப் பாடப்புத்தகத்தில் "ஸ்ஸ்" என்பதையும் அதன் குரலொலி இணையையும் (ஆங்கில z ஒலி) இழுத்து விகிதம் போடச் சொல்வார்கள், 1.4-ஐத் தாண்டினால் குரல்நாண் கோளாறு என்று. நம்மவர்கள் பலருக்கு அந்த இரண்டாவது ஒலியே வராது, இரண்டையும் "ஸ்ஸ்" என்றுதான் இழுப்பார்கள். விகிதம் அழகாக 1 வரும். அந்த எண்ணைக் கோப்பில் எழுதுவது காகிதத்துக்குக் கேடு.

மூச்சுப்பயிற்சி:
குரலோட இருமலையும் சேத்துப் பாருங்க. தானா இருமச் சொன்னா "டக்"னு வெடிக்குதா, இல்ல "ஹஃப்"னு காத்து மட்டும் போகுதா? வெடிக்கலன்னா ஒண்ணு குரல்நாண் மூடல, இல்ல வயித்துத் தசை தள்ளல. "ஆ" நீளமா வந்து இருமல் மட்டும் சப்புன்னு இருந்தா என் கண்ணு வயித்துத் தசைக்குத்தான் போகும். புரையேறினது வெளியே வரணும்னா இருமல்தான் வழி.

அதுக்கு இஎம்எஸ்டி (மூச்சை வெளியே தள்ளுற தசைக்கான பயிற்சி) கருவி இருக்கு. ஸ்ப்ரிங் வால்வு வெச்ச ஊதுகுழல். அழுத்தம் எட்டினாத்தான் வால்வு திறக்கும். அவரால ஊத முடிஞ்ச அதிகபட்ச அழுத்தத்துல 75 சதவீதத்துல வெச்சு, 5 ஊதல் 5 செட், வாரம் 5 நாள். 2010-ல ட்ரோஷ் குழு பார்கின்சன் நோயாளிகள் 60 பேர்கிட்ட 4 வாரம் செஞ்ச ஆய்வுல, நிஜக் கருவி வெச்சவங்களுக்குப் புரையேறும் அளவு குறைஞ்சுது, போலிக் கருவிக்காரங்களுக்கு இல்ல. கட்டுக்குள்ள இல்லாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம் இருந்தா தொடாதீங்க. கன்னத்தை உப்ப விட்டா அழுத்தம் கன்னத்துலயே வீணாகும், ரெண்டு கையால கன்னத்தைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

பயிற்சி_மாணவி:
இப்போ சிகிச்சைக்கு வருவோம். "ஈ" பயிற்சி மட்டும் கொடுத்தா விழுங்கல் சரியாகுமா?

குரல்நாண்:
2014-ல் மிலோரோ, பியர்சன், லாங்மோர் மூவரும் எம்.ஆர்.ஐ.யில் அசைவைப் படமெடுத்துப் பார்த்தார்கள். அழுத்தமாகச் சுருதி ஏற்றும்போது குரல்வளை ஏறுவதும், நாவடி எலும்பு நகர்வதும் விழுங்கும்போது நடப்பதற்கு ஒப்பாக இருந்தன. தொண்டைச் சுவர் நெருங்குவது இதில் கூடுதல் வரவு. ஆனால் அது ஆரோக்கியமானவர்களிடம் பார்த்தது. அசைவு ஒத்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் அது, நோயாளி குணமாவார் என்பதற்கு அல்ல.

செய்யும் முறை: இயல்பான சுருதியில் "ஈ" 2 விநாடி, மூன்று நான்கு விநாடியில் உச்சிக்கு வழுக்கி, அங்கே முழு பலத்தோடு அழுத்தி 2 விநாடி நிறுத்தி விடுவது. 10 முறை ஒரு செட், நாளுக்கு மூன்று செட் என்று நடைமுறையில் தொடங்குகிறோம். இது ஆய்வு நிறுவிய அளவு அல்ல, தொடங்க ஒரு இடம். தொண்டை வலித்தாலோ மறுநாள் குரல் கம்மினாலோ பாதியாகக் குறைக்கவும்.

தொண்டைக்குழி:
என் கருத்து கொஞ்சம் கடுமையாக இருக்கும். விழுங்கப் பழக விழுங்க வேண்டும். நீச்சலுக்குக் கரையில் கையாட்டினால் கை வலுக்கும், தண்ணீரில் மிதப்பது வராது. முகவாயைத் தாழ்த்தியோ தலையைத் திருப்பியோ பாதுகாப்பாக ஒரு ஸ்பூன் தயிர் விழுங்க முடிகிறவருக்கு, அரை மணி நேரம் "ஈ" மட்டும் கொடுத்து அனுப்புவது நேர விரயம். குரல் பயிற்சி முன்னால் நிற்க வேண்டிய இடங்கள் என்று நான் நினைப்பது மூன்று: வாய் வழியே எதுவும் கொடுக்க முடியாத கட்டம், குரல்நாண் மூடாததே காரணமாக உள்ளவர்கள், கதிர்வீச்சு எடுப்பவர்கள்.

குரல்நாண்:
மூன்றோடும் ஒத்துக்கொள்கிறேன், நாலாவதாகப் பார்கின்சனைச் சேர்ப்பேன். எல்எஸ்விடி லவுட் என்பது சத்தத்தை மட்டும் குறிவைக்கும் பயிற்சி. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரம் 4 நாள், 4 வாரம், ஆக 16 அமர்வு. உரத்து "ஆ" இழுப்பது, மேலும் கீழும் சுருதி, அன்றாட வாக்கியங்கள். விழுங்கலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் 2002-ல் எல் ஷர்காவி குழு 8 பேருக்கு முன்னும் பின்னும் பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) கொடுத்துப் பார்த்ததில், விழுங்கல் அசைவுக் கோளாறுகள் 51 சதவீதம் குறைந்தன. 8 பேர்தான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அதை மறைக்க வேண்டாம். பார்கின்சனில் மூளை எல்லா அசைவையும் சிறிதாக்கிவிடுகிறது, "பெரிதாகச் செய்" என்ற ஒரே கட்டளை குரலோடு தொண்டையையும் எழுப்புகிறது என்பது என் புரிதல்.

கதிர்வீச்சுக்கு ஃபார்ங்கோசைஸ் ஆய்வு 2012-ல் வந்தது, 58 பேர். மெல்லிய உச்சக் குரல், நாக்கை மேலண்ணத்தில் அழுத்துதல், அழுத்தி விழுங்குதல், தாடை விரித்தல் என்று நாலையும் கதிர்வீச்சு நடக்கும்போதே செய்ய வைத்தார்கள். நாக்கடித் தசைகள் நன்றாகவே தாக்குப்பிடித்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. குரல் அங்கே நாலில் ஒன்றுதான். பாக்கு, புகையிலை போட்டு வாய் திறப்பே குறுகிப்போனவர்களுக்குத் தாடைப் பயிற்சியை முதலில் வைக்க வேண்டியிருக்கும்.

தொண்டைக்குழி:
குரல்நாண் மூடாதவர்களுக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு "ஆ" என்று கத்தும் பழைய பயிற்சியை இன்னும் கொடுக்கிறார்கள். ரத்த அழுத்தம் ஏறும், இதய நோயாளிக்கு ஆகாது. அதோடு மேலே உள்ள பொய்க் குரல்நாண்கள் பிதுங்கி வந்து சத்தம் தரும். கேட்கிறவருக்குக் குரல் வந்ததாகத் தோன்றும், கீழே இடைவெளி அப்படியே இருக்கும். இதய அறுவைக்குப் பிறகு இடது குரல்நாண் நின்றுபோனதா என்று பாருங்கள், இடது பக்க நரம்பு பெருந்தமனியைச் சுற்றித்தான் மேலே வருகிறது. அப்படிப்பட்டவருக்கு ஊசி மூலம் குரல்நாணைத் தடிப்பாக்கினால், பயிற்சி மாதக்கணக்கில் தராததை அது அன்றே தரலாம்.

மூச்சை அடக்கி விழுங்கி உடனே இருமும் முறையையும் பக்கவாதத்தோடு இதய நோயும் உள்ளவர்களுக்குத் தவிர்க்கவும். 2002-ல் சௌத்ரி குழு பார்த்தபோது அதைச் செய்த பெரும்பாலானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது.

வார்டு_நர்ஸ்:
ட்ரக்கியாஸ்டமி போட்டவங்களுக்கு? பேச்சு வால்வு மாட்டினா விழுங்கறதும் நல்லா ஆகும்னு சொல்றாங்க.

மூச்சுப்பயிற்சி:
காரணம் உண்டு. ஓட்டை திறந்திருந்தா குரல்நாணுக்குக் கீழ அழுத்தம் நிக்காது. வால்வு மாட்டினா மூச்சு மேல் வழியா போகும், அழுத்தம் திரும்பும், இருமல் திரும்பும், குரலும் வரும். ஆனா ஒண்ணே ஒண்ணை மட்டும் படுக்கை மேல எழுதி ஒட்டுங்க: கஃப் பலூன் (குழாயைச் சுத்தி மூச்சுக்குழலை அடைக்கற பலூன்) காத்து முழுசா எடுக்காம வால்வு மாட்டக் கூடாது. வால்வு உள்ளே மட்டும் காத்து விடும். பலூன் உப்பியிருந்தா வெளியே போக வழியே இல்ல. மூச்சு உள்ள போயிக்கிட்டே இருக்கும், ஆள் நம்ம கண்ணு முன்னாடியே நீலம் பாஞ்சுடுவார். முதல்ல மேல தேங்கின சளியை உறிஞ்சி, பலூனை இறக்கி, திரும்ப உறிஞ்சி, விரலால ஓட்டையை ஒரு மூச்சு மூடிப் பாத்து, குரல் வந்தாத்தான் வால்வு.

குரல்நாண்:
பயிற்சியே தீங்கு செய்யும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். 1 முதல் 50 வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். 20 தாண்டும்போது குரல் மூக்கால் வந்து, 40-ல் தேய்ந்து, ஓய்வெடுத்தால் திரும்ப வந்தால் மயஸ்தீனியா (பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை களைத்துப்போகும் நோய்) சந்தேகம். அவருக்கு உணவின் முதல் பாதி நன்றாகப் போகும், பின்பாதியில் புரையேறும். பயிற்சி கொடுத்தால் அன்றைய சாப்பாட்டுக்கு வேண்டிய பலம் பயிற்சியில் போய்விடும். நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள், மருந்து வேலை செய்யும் நேரத்தில் சாப்பாடு வையுங்கள். ஏஎல்எஸ் (தசையை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்) நோயிலும் களைக்கும்வரை செய்யும் வலுவூட்டல் வேண்டாம். குரல்நாண் அறுவையான புதிதில் அறுவை செய்தவர் சொல்லும்வரை "ஈ"யே கிடையாது.

பயிற்சி_மாணவி:
கடைசியா ஒண்ணு. சுருதி நல்லா ஏறுது, "ஆ" 14 விநாடி, 90 மி.லி. தண்ணியும் தேறிடறார். ஆனா ரசஞ்சாதம் சாப்பிட்டா மட்டும் இருமறார். இது எப்படி?

குரல்நாண்:
தண்ணீர் ஒரே பொருள், ரசஞ்சாதம் இரண்டு. சாதத்தை மெல்லும்போது வாயைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும், அதற்குள் ரசம் தனியாகப் பிரிந்து, விழுங்கல் தொடங்குமுன்பே தொண்டைக்கு ஓடிவிடும். அந்த நேரத்தில் குரல்வளை திறந்திருக்கிறது. பழைய சோற்றிலும், பாலில் ஊறிய பிஸ்கட்டிலும் இதே கதை. மூடும் பலம் சரியாக இருந்தும் மூடும் நேரம் தவறுகிறது, நேரத்தைக் குரல் சோதனை காட்டாது.

சாதத்தைக் குழைய வடித்து, ரசத்தை விட்டு நன்றாக மசித்து, தட்டைச் சாய்த்தால் நீர் தனியாக ஓடாத பதத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு வாய் விழுங்கி, "ஆ" சொல்லி, பிறகுதான் அடுத்த வாய். இருமல் நின்றுவிட்டால் காரணம் அதுதான். நிற்காவிட்டால் தொண்டைக்குழி சார் சொன்ன பச்சைத் தயிருக்கு அனுப்புங்கள்.

வார்டு_நர்ஸ்:
கஞ்சிக்கும் ஒரு வார்த்தை. அரிசிக் கஞ்சியை ஒரே கிண்ணத்துல எச்சில் ஸ்பூனை விட்டு விட்டு ஊட்டினா, பாதியிலயே நீர்த்துப் போயிடும். எச்சில்ல இருக்கற நொதி மாவை உடைச்சுடும். முதல் ஸ்பூன் கெட்டியா இருந்துச்சேன்னு கடைசி ஸ்பூனை நம்பாதீங்க. சின்னக் கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்தி எடுத்து ஊட்டுங்க.